பக்கம் திருப்பும் இடம்

தங்கை எழுதிய இசையின் ஸ்கோர் ஒரு செவ்வாய்க்கிழமை காலை நோட்டு அறைக்கு வந்து சேர்ந்தது. கூரியரில் வரவில்லை. தங்கையே தூக்கிக்கொண்டு வந்தாள். அதிலேயே நோட்டக்காவுக்கு முதல் எரிச்சல் தொடங்கிவிட்டது. பெரிய ஆட்கள் என்றால் ஆள் விட்டு அனுப்புவார்கள். பெரிய ஆளான பிறகும் சின்ன ஆள் மாதிரி நடந்துகொள்கிறவர்களை எந்தக் கணக்கில் வைத்துத் திட்டுவது?

இசை அரங்கத்தின் அடித்தளத்தில், தண்ணீர்க் குழாய்கள் ஓடும் கூரைக்குக் கீழே இருந்தது நோட்டு அறை. சுவர் முழுக்க இரும்பு அலமாரிகள். அவற்றில் நீல உறைகளுக்குள் இருநூறு வருடத்து இசை சத்தம் போடாமல் படுத்திருந்தது. வாசிப்பவர்களுக்கு வேண்டிய தாள்களைத் தயாரிப்பது, கச்சேரிக்கு முன்னால் ஸ்டாண்டுகளில் வைப்பது, முடிந்ததும் பொறுக்கிக்கொண்டு வந்து அவர்கள் கிறுக்கிய பென்சில் குறிகளை அழித்து மறுபடி உறையில் போடுவது, இவ்வளவுதான் அவள் வேலை. இரண்டு வருடம் பார்க்கலாம் என்று சேர்ந்தாள். பதினேழு வருடம் ஆகிவிட்டது. அரங்கத்தின் இசைக்குழுவில் இருந்த எண்பது பேருக்கும், அவளைவிட மூத்தவர்களுக்கும் சேர்த்து, அவள் நோட்டக்காதான்.

"என்னக்கா இத்தனை படி? மூச்சு வாங்குது."

"பெரியவங்க எல்லாம் மேல இருப்பாங்க. நாங்க கீழ. உக்காரு. அந்த நாற்காலி வேண்டாம், கால் ஆடும்."

தங்கை அந்த நாற்காலியிலேயே உட்கார்ந்தாள். அது ஆடவில்லை. அவள் உட்கார்ந்தால் அது ஏன் ஆடப்போகிறது என்று நோட்டக்கா நினைத்துக்கொண்டாள்.

ஸ்கோரைப் பிரித்தார்கள். எல்லா வாத்தியங்களும் ஒன்றின்கீழ் ஒன்றாக, தாளக் கணக்குப்படி கட்டம் கட்டமாக எண்ணிட்டு எழுதப்பட்ட, மேசைக்கு விரிப்பாகப் போடக்கூடிய அளவுப் புத்தகம் அது. கையில் கோலோடு குழுவை நடத்துகிறவருக்கு மட்டும்தான் அது வேண்டும். வாசிக்கிறவர்களுக்கு அவரவர் வரி மட்டும் தனித்தாளில் போக வேண்டும். அதற்குப் பெயர் பார்ட். ஸ்கோரிலிருந்து பார்ட் பிரித்து எழுதுவதில் நோட்டக்காவின் கைக்கு அந்தத் தொழிலில் ஒரு பெயர் இருந்தது. அரங்கத்தின் சுவரொட்டியில் ஏறாத பெயர்.

"இங்க பாரு. இருநூத்துப் பதிமூணாவது கட்டம் வரைக்கும் எல்லாரும் சேர்ந்து கத்துறாங்க. அப்புறம் ரெண்டு கட்டம், எட்டு எண்ணிக்கை, ஒண்ணுமே இல்ல. அதுக்கப்புறம் ஒரே ஒரு புல்லாங்குழல்."

"ம்."

"இந்த எட்டு எண்ணிக்கைதான்க்கா இதோட உயிர். இதுக்காகத்தான் மீதி நாப்பது நிமிஷத்தையும் எழுதினேன். மூச்சு விடுற சத்தம்கூட வரக்கூடாது."

"தும்மல் வந்தா?"

"தும்முறவங்களை வேலையை விட்டுத் தூக்கிடலாம்."

தங்கை சிரித்தாள். நோட்டக்காவுக்குச் சிரிப்பு வரவில்லை. விஷயம் அப்படி. குழுவின் தலைமை நடத்துநர் போன வருடம் ஓய்வு பெற்றதிலிருந்து அவருடைய பதவி காலியாக இருந்தது. தங்கை தன் புதிய படைப்பைத் தானே நடத்தப்போகும் இந்தக் கச்சேரிக்குத் தேர்வுக் குழு முழுதாக வந்து உட்காரப்போகிறது என்று மேலாளர் ஏற்கெனவே கசியவிட்டிருந்தார். பிடித்துவிட்டால் அடுத்த மாதத்திலிருந்து தங்கைதான் மேலதிகாரி. நோட்டக்கா ஒருநாள் லீவு வேண்டுமென்றால் 'மதிப்பிற்குரிய' என்று ஆரம்பித்துத் தங்கைக்குக் கடிதம் எழுத வேண்டும். அவள் ஓய்வு பெற இன்னும் பதினெட்டு வருடம் இருந்தது.

*

இந்த எரிச்சல் என்றைக்கு ஆரம்பித்தது என்று கேட்டால் நோட்டக்காவால் அந்த நாளையே சொல்ல முடியும்.

வீட்டில் முதலில் பியானோ படித்தவள் அவள்தான். அப்போது அவளுக்குப் பதிமூன்று வயது, தங்கைக்கு எட்டு. தங்கைக்கு ஒரே வேலை, வலது பக்கம் முக்காலியில் ஏறி நின்று தாள் திருப்புவது. அக்கா தலையசைத்தால் திருப்ப வேண்டும். அசைக்காவிட்டால் தொடக்கூடாது. நாய்க்குட்டி எலும்பைப் பார்ப்பது போல அந்தத் தலையையே பார்த்துக்கொண்டிருப்பாள். அக்காவுக்கு அது பிடித்திருந்தது. உலகத்தில் ஒருத்திக்காவது தன் தலை ஆடுவது முக்கியமாக இருக்கிறதே என்று ஒரு பெருமை.

ஒரு மழை நாள், பள்ளிக்கூடம் விட்டு வந்த நேரம். அக்கா வாசித்துக்கொண்டிருந்தாள். தலையசைக்கவில்லை. தாள் திரும்பியது. சரியான இடத்தில், சரியான நொடியில் திரும்பியது. அக்காவின் கண் இன்னும் கடைசி வரிக்கே போய்ச் சேர்ந்திருக்கவில்லை.

"ஏய் குட்டி. நான் தலையாட்டவே இல்லையே."

"அதான் வரி முடிஞ்சுபோச்சே."

அவ்வளவுதான். பக்கத்து அறையிலிருந்து அம்மா, "ஏன்டி நிறுத்திட்ட?" என்று கேட்டாள். முன்னே வந்த காதைவிடப் பின்னே வந்த கொம்பு பெரிது என்று ஒரு சொல் உண்டல்லவா. அந்தக் கொம்பு முளைக்கிற சத்தத்தை நோட்டக்கா அன்றைக்குத் தன் காதாலேயே கேட்டாள்.

அதற்குப் பிறகு நடந்ததெல்லாம் ஊருக்கே தெரியும். அக்காவும் இசை எழுதினாள். இருபத்து மூன்று வயதில் நான்கு வாத்தியங்களுக்கு ஒன்று எழுதி, கல்லூரியின் மாடி அறையில் ஒருமுறை வாசிக்க வைத்தாள். கேட்டவர்கள் பதினொரு பேர். அதில் மூன்று பேர் வீட்டு ஆட்கள், ஒருவர் தவறான அறைக்கு வந்துவிட்டு எழுந்து போகக் கூச்சப்பட்டவர். தங்கையின் வழி வேறாக இருந்தது. எங்கோ ஒரு நகரத்தில் கச்சேரி தினத்தன்று நடத்துகிறவருக்குக் காய்ச்சல் வந்தது. அவருக்கு உதவியாக இருந்த இவள் மேடை ஏறினாள். மறுநாள் பத்திரிகையில் படம் வந்தது. பிறகு விமான நிலையங்கள், பரிசுகள், மூன்று கண்டங்களில் அவள் எழுதிய இசை. ஒவ்வொரு ஊரிலிருந்தும் அக்காவுக்கு ஒரு தபால் அட்டை வரும். எல்லா அட்டையிலும் 'நீ இங்க இருந்திருக்கணும்' என்று எழுதியிருப்பாள். அது உண்மையான அன்பு என்பதுதான் கொடுமை. கெட்டவளாக இருந்திருந்தால் வேலை சுலபம். நிம்மதியாகச் சபித்துவிட்டுத் தூங்கப் போகலாம்.

அன்று மாலை வீட்டுக்கு வந்ததும் அம்மா போன் செய்தாள்.

"கச்சேரிக்கு முன்வரிசையில எனக்கு ஒரு இடம் சொல்லி வை. சின்னவ கையைத் தூக்குறதை நான் கிட்டப் பாக்கணும்."

"சொல்றேன்மா."

"நீயும் அங்கதான இருப்ப?"

"நான் அங்கதாம்மா பதினேழு வருஷமா இருக்கேன்."

அவள் கணவர் லிஃப்ட் பழுது பார்க்கிறவர். பகல் முழுக்க மற்றவர்களை மேலே ஏற்றும் வேலை என்று தன்னைத்தானே கிண்டல் செய்துகொள்வார். போனை வைத்தவள் முகத்தைப் பார்த்துவிட்டுச் செய்தித்தாளை மடித்தார்.

"என்ன, வயித்துல அடுப்பு பத்திக்கிச்சா?"

"சும்மா இருங்க."

"நான் சும்மாதான் இருக்கேன். ஆனா ஒண்ணு. என் மச்சினி கண்டக்டர்னு ஆபீஸ்ல சொன்னா, எந்த ரூட்டுல ஓடுதுன்னு கேக்குறானுங்க. அவ பேரு அங்க செல்லாது. நீ எங்க ஆபீஸுக்கு வந்துடேன்."

அவள் சிரித்துவிட்டாள்.

*

பார்ட் எழுதுகிறவர்களுக்கு ஒரு பாலபாடம் உண்டு. கை ஓயும் இடத்தில்தான் தாள் திரும்ப வேண்டும். வயலின்காரர் வில்லைப் பிடித்த கையோடு தாளைப் புரட்ட முடியாது. அதனால் அவர் வாசிக்காமல் இருக்கும் கட்டம் பக்கத்தின் கடைசியில் வந்து விழுமாறு எழுத்தை நெருக்கியோ விரித்தோ எழுதுவார்கள். இது முதல் வருடத்திலேயே தெரிந்துவிடும்.

இரண்டாவது பாடத்தை யாரும் எழுதி வைக்கவில்லை. கை பழகினவர்களுக்கு அது தானாகத் தெரியும். எல்லாருடைய கையும் ஒரே நேரத்தில் ஓயும் இடத்தில் மட்டும் ஒருபோதும் திருப்பம் வைக்கக்கூடாது. அரங்கமே அமைதியாக இருக்கும்போது ஒரு தாள் திரும்பினால் கடைசி வரிசை வரைக்கும் கேட்கும்.

நோட்டக்கா வயலின் பார்ட்டை எழுதிக்கொண்டு இருநூறாவது கட்டத்துக்கு வந்தபோது, திருப்பம் இயல்பாக இருநூற்று நாற்பதில் விழும் போலிருந்தது. அங்கே வயலின்களுக்கு நல்ல ஓய்வும் இருந்தது. அவள் பேனாவைக் கீழே வைத்தாள். குழாய்களுக்குள் தண்ணீர் ஓடும் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தாள். பிறகு அந்தப் பக்கத்தைக் கிழித்துவிட்டு, எழுத்தைச் சற்றே விரித்து மறுபடி எழுதினாள். இப்போது பக்கம் இருநூற்றுப் பதிமூன்றில் முடிந்தது. அடுத்து என்ன என்று தெரிய அந்த எட்டு எண்ணிக்கைக்குள் திருப்பியே ஆக வேண்டும்.

அதோடு நிறுத்தியிருந்தால் கைத்தவறு என்று சொல்லலாம். அவள் இரண்டாம் வயலினுக்கும் அப்படியே செய்தாள். பிறகு வயோலா, செல்லோ, அடித்தந்தி எனப்படும் டபுள் பாஸ். ஒவ்வொன்றிலும் எழுத்தின் நெருக்கம் வேறு, ஒவ்வொன்றையும் அதே கட்டத்துக்கு இழுத்துக்கொண்டு வர மூன்று நாள் ஆனது. தந்தி வாத்தியக்காரர்கள் ஒரு ஸ்டாண்டுக்கு இரண்டு பேராக உட்காருவார்கள். மொத்தம் இருபத்தைந்து ஸ்டாண்டுகள். இருபத்தைந்து தாள்கள் ஒன்றாகத் திரும்பும். அதுவும் சட்டப்படி. கேட்டால் சொல்வதற்கு வாக்கியம்கூடத் தயாராக இருந்தது: 'கை ஓயுற இடத்துலதான் போட்டிருக்கேன், பாத்துக்கோ.'

அந்த மூன்று நாட்களும் அவள் வேலை செய்த மாதிரி அவள் எப்போதும் வேலை செய்ததில்லை. சாப்பாட்டு நேரம்கூட மறந்துபோனது. திருடப் போகிறவன் விளக்கைத் துடைத்து வைத்துக்கொள்வது போல, ஒவ்வொரு தாளின் ஓரத்தையும் சீராக வெட்டினாள். தாளிலும் சற்றுக் கெட்டியான ரகம் எடுத்தாள். நன்றாகச் சலசலக்கும்.

*

முதல் ஒத்திகையின்போது அவள் பக்கவாட்டுக் கதவின் மறைவில் நின்றாள். மேடையின் இடது ஓரத்தில், முதல் வயலின்களின் கடைசி ஸ்டாண்டுக்குப் பின்னால் இருந்தது அந்தக் கதவு. தங்கை கறுப்புச் சட்டையில் மேடைமேல் நின்றாள். கையில் கோல். கையைத் தூக்கியதும் எண்பது பேரின் முதுகும் நிமிர்ந்தது. நோட்டக்கா அந்த முதுகுகளைக் கதவிடுக்கு வழியாக எண்ணினாள். அவள் தலையாட்டினால் திருப்புவதற்கு ஒருத்தி இருந்தாள். தங்கை கை தூக்கினால் எண்பது பேர்.

இசை நன்றாக இருந்தது. அதையும் கேட்டுத் தொலைக்க வேண்டியிருந்தது. இருநூற்றுப் பதிமூன்றில் குழு முழுக்க ஒரே குரலாக எழுந்து, சட்டென்று நின்றது.

சர்ர் என்று ஒரு சத்தம். புறாக்கூட்டம் ஒன்று கூரையை விட்டுக் கலைந்தது போல. சில தாள்கள் முந்தின, சில பிந்தின, ஒன்று பாதியில் மடங்கி இழுபட்டது. புல்லாங்குழல் ஆரம்பித்த பிறகும் அடித்தந்திப் பக்கம் ஒருவர் தாளைத் தட்டிச் சரிசெய்துகொண்டிருந்தார்.

தங்கையின் கோல் ஒரு கணம் காற்றில் நின்றது. அவ்வளவுதான். நிறுத்தவில்லை. கடைசி வரை நடத்தினாள்.

இடைவேளையில், பெரிய தாமிர முரசுகளை வாசிப்பவர் தேநீர்க் கோப்பையோடு நோட்டு அறைக்கு இறங்கி வந்தார். நூறு கட்டம் சும்மா இருந்து ஒரு அடி அடிக்கும் உத்தியோகம் என்பதால் நாள் முழுக்க வாய்க்குள் எண்ணிக்கொண்டே இருப்பார். குழுவில் அவருக்குக் கணக்கு மாமா என்று பெயர்.

"என்ன நோட்டக்கா, இருநூத்துப் பதினாலுல எல்லாரும் காலைப் பேப்பர் படிக்கிறாங்க போலிருக்கே."

"கை ஓயுற இடம்தான மாமா?"

"ஓயுற இடம்தான். நான் இல்லன்னு சொல்லலையே." அவர் தேநீரை ஒரு வாய் உறிஞ்சினார். "பதினேழு வருஷத்துல ஒரு திருப்பம்கூட உன்கிட்ட இப்படி விழுந்ததில்ல. கண்ணுல ஏதாவது கோளாறா? என் மருமகன் கண் டாக்டர், தெரியுமில்ல?"

"தெரியும். வேணும்னா சொல்றேன்."

தங்கை கோபமாக இறங்கி வருவாள் என்று நோட்டக்கா அன்று மாலை வரை காத்திருந்தாள். தயார் செய்து வைத்த வாக்கியம் வாய்க்குள்ளேயே ஊறிக்கொண்டிருந்தது. யாரும் வரவில்லை. இரண்டாம் நாளும் அதே சலசலப்பு, அதே மௌனம். அடித்தால் திருப்பி அடிக்க வேண்டும். பேசாமல் இருப்பது என்ன நியாயம் என்று அவளுக்கு ஆத்திரமாக வந்தது.

மூன்றாம் நாள் காலை கடைசி ஒத்திகை. அன்று மாலை ஆறு மணிக்குக் கச்சேரி. மேலாளர் அரங்கத்தின் நடுவே உட்கார்ந்து கேட்டார். எட்டு எண்ணிக்கை வந்து போனதும் எழுந்துவிட்டார்.

"ஒரு நிமிஷம். அது என்ன சத்தம்?"

எல்லா வில்லும் இறங்கியது. கணக்கு மாமா முரசின் தோலில் எதையோ தேடினார்.

"பேப்பர் சத்தமா அது? இவ்வளவு பெரிய அரங்கத்துல, தாளைக்கூட ஒழுங்கா எழுதத் தெரியாத நோட்டு அறையா நம்மது? யாரு பாத்தது இதை? கூப்பிடுங்க அவங்களை."

கதவுக்குப் பின்னால் நோட்டக்காவின் கால் தானாக ஒரு அடி முன்னே வந்தது. வாக்கியம் இருந்தது. கை ஓயும் இடம். ஆனால் எண்பது பேர் முன்னால், ஐந்து பார்ட்டிலும் அது எப்படி ஒரே இடத்தில் விழுந்தது என்று முதல் வயலின்காரர் ஒரு கேள்வி கேட்டால் போதும். இந்த வேலையில் எல்லாரும் இதை அறிவார்கள்.

"நோட்டு அறை சரியாத்தான் எழுதியிருக்கு சார்," என்றாள் தங்கை. திரும்பிக்கூடப் பார்க்காமல், கோலால் ஸ்டாண்டைத் தட்டிக்கொண்டே சொன்னாள். "அது நான் கேட்டது. அந்த இடத்துல தாள் திரும்புற சத்தம் வேணும்."

"சத்தம் வேணுமா?"

"ஆமா."

மேலாளர் உட்கார்ந்தார். "சரி. உங்க இசை. ஆனா ஒண்ணு சொல்லிடறேன், தேர்வுக் குழுத் தலைவர் ஸ்கோரை மடியில வெச்சுக்கிட்டுத்தான் கேப்பார். எழுதாத சத்தம் ஒண்ணு கேட்டாலும் பேனாவை எடுத்துடுவார்."

*

தங்கை படியிறங்கி வந்தபோது பகல் பன்னிரண்டரை. கதவைச் சாத்திவிட்டு அதே நாற்காலியில் உட்கார்ந்தாள். இந்தமுறை அது ஆடியது.

"எனக்காகப் பொய் சொல்லச் சொல்லி நான் உன்னைக் கேக்கலை," என்றாள் நோட்டக்கா.

"கேக்கலைதான்."

"எப்பத் தெரியும்?"

"முதல் நாளே. அஞ்சு பார்ட்டும் அங்க தானா வந்து விழாதுக்கா. எத்தனை நாள் ஆச்சு உனக்கு?"

"மூணு."

"ஏன்க்கா?"

"உனக்குத் தெரியாதா?"

"தெரியும். நீ சொல்லி ஒரு தடவையும் கேட்டதில்லை."

நோட்டக்கா அலமாரிப் பக்கம் திரும்பி நின்றுகொண்டாள். நீல உறைகள் வரிசை வரிசையாக அவளைப் பார்த்தன.

"வயிறு எரியுதுடி. எட்டு வயசுல நீ அந்தத் தாளைத் திருப்பினதுலேர்ந்து எரியுது. போதுமா?"

"போதும்."

தங்கை ஒரு பெருமூச்சு விட்டாள். கோபித்துக்கொள்ளவில்லை, கட்டிப்பிடிக்கவும் இல்லை. அந்த மட்டில் நல்லது என்று நோட்டக்காவுக்குத் தோன்றியது. கட்டிப்பிடித்திருந்தால் அந்த நாற்காலியாலேயே அடித்திருப்பாள்.

"இப்ப என்ன பண்றது? தாளை ஒட்டி மாத்திடறேன். ஆறு மணிக்குள்ள முடியும்."

"மாத்தினா நான் சொன்னது பொய்னு ஆயிடும். அவர் காதுல விழுந்தாச்சு."

"மாத்தலைன்னா தலைவர் மடியில ஸ்கோர். அதுல அந்த ரெண்டு கட்டமும் காலி. எழுதின ஆளுக்கே என்ன சத்தம் வருதுன்னு தெரியலைன்னு அவர் எழுதுவார். உனக்கு வேலையும் கிடையாது, மரியாதையும் கிடையாது."

"அதுக்குத்தானே நீ போட்ட?"

நோட்டக்கா ஒரு உறையைப் பாதி இழுத்து மறுபடி உள்ளே தள்ளினாள்.

"அப்ப எழுதிக் கொடு," என்றாள் தங்கை. "உன் சத்தம். நீயே எழுது. எனக்கு அது வரலை, மூணு நாளாப் பாக்கறேன். எனக்கு அங்க அமைதிதான் கேக்குது."

நோட்டக்கா மேசைக்கு வந்தாள். உடனே உட்காரவில்லை. உட்கார்ந்தால் ஒப்புக்கொண்டது போல ஆகிவிடும். ஆனால் நின்றபடியே அவள் மனது வேலை செய்ய ஆரம்பித்துவிட்டது. மூன்று நாட்களாக அந்தச் சலசலப்பைக் கேட்டபோதெல்லாம் அவளுக்கு ஒரு அருவருப்பும் கூடவே இருந்தது. அது தங்கையைக் கெடுக்கிறது என்பதால் வந்த அருவருப்பு இல்லை. அது மோசமான சத்தம். ஒழுங்கில்லாத சத்தம். கெடுப்பதைக்கூடச் சுத்தமாகச் செய்ய முடியவில்லையே என்ற ஆற்றாமை.

"முதல் வயலின் ஏழு ஸ்டாண்ட்," என்றாள். "கடைசி ஸ்டாண்ட் முதல் எண்ணிக்கையில திருப்பட்டும். அடுத்தது ரெண்டுல. அப்படியே முன்னால வரட்டும்."

"ரெண்டாம் வயலின்?"

"ஆறு ஸ்டாண்ட். ரெண்டுல ஆரம்பிக்கணும். வயோலா அஞ்சு, மூணுல. செல்லோ நாலுல. அடித்தந்தி மூணு ஸ்டாண்ட், அஞ்சுல ஆரம்பிச்சாப் போதும். எல்லாரும் ஏழுல முடியணும்." இப்போது அவள் உட்கார்ந்துவிட்டாள். பென்சில் ஓடியது. "ஒரு தாள், ரெண்டு தாள், மூணு, நாலு, அஞ்சு. பின்னாலேர்ந்து முன்னால வரும். அலை மாதிரி. நல்ல காலம், கெட்டித் தாள் போட்டேன்."

"எட்டுல?"

"எட்டுல ஒண்ணும் கிடையாது. எட்டு உன்னோடது."

தங்கை கண்ணை மூடி விரலால் மேசையில் எட்டுத் தட்டினாள். எட்டாவது தட்டில் விரல் மேலேயே நின்றது. கண்ணைத் திறந்தபோது அவள் முகத்தில் ஒன்று ஓடி மறைந்தது. நோட்டக்கா அதை உடனே அடையாளம் கண்டுகொண்டாள். பாம்பின் கால் பாம்பறியும். அது தனக்குத் தோன்றவில்லையே என்ற முகம். முப்பது வருடம் கண்ணாடியில் பார்த்துப் பழகிய முகம்.

அந்த ஒரு நொடிக்காகவே உயிரோடிருந்தது போல இருந்தது நோட்டக்காவுக்கு.

"ரெண்டு ஸ்கோர்லயும் மையால எழுதறேன்," என்றாள். "உன்னோடது ஒண்ணு, தலைவரோடது ஒண்ணு. நீ போய்ச் சாப்பிடு. ஸ்டாண்டுக்கு ஸ்டாண்டு எண் போட்டு வெக்கிறேன். அஞ்சரைக்கு எல்லாரையும் உக்கார வெச்சு ரெண்டு தடவை திருப்பிப் பாத்துடு."

"அக்கா."

"போடி. வேலை கெடக்கு."

இருபத்தைந்து தாள்களின் கீழ் மூலையிலும் அவள் எண் எழுதினாள். எழுதும்போது ஏதோ முணுமுணுப்பு கேட்டது. அது தன் குரல்தான் என்பது பாதியில்தான் தெரிந்தது. சந்தோஷமாக இருந்தது. அந்தச் சந்தோஷம் தங்கையின் வீட்டுக்குள்தான் தனக்கு ஒரு மூலை கிடைத்திருக்கிறது என்று நினைத்ததும் மறுபடி கசந்தது. கசந்துகொண்டே எழுதினாள்.

*

மாலை அரங்கம் நிறைந்திருந்தது. முன்வரிசையில் அம்மா. பக்கத்தில் லிஃப்ட்காரர், கழுத்துப்பட்டி இறுக்கிய முகத்தோடு. ஐந்தாம் வரிசையில் தேர்வுக் குழு. தலைவரின் மடியில் ஸ்கோர். பக்கவாட்டுக் கதவின் மறைவில் நோட்டக்கா, கையில் தாள் பொறுக்கும் தள்ளுவண்டி.

இருநூற்றுப் பதிமூன்று வந்தது. குழு எழுந்து, நின்றது. தங்கை கோலைத் தாழ்த்தினாள். கதவு இருந்த திசையில், கடைசி ஸ்டாண்டின் பக்கமாக, மெல்லத் தலையசைத்தாள்.

ஒரு தாள் திரும்பியது. தூரத்தில் யாரோ ஒரு கதவை மூடுவது போல. பிறகு இரண்டு. பிறகு மூன்று, நான்கு. இருட்டில் ஒரு கடல் எழுந்து முன்னே வருவது போல அந்தச் சத்தம் பின்வரிசையிலிருந்து மேடையின் விளிம்பை நோக்கி வந்தது. ஐந்து, ஐந்து, ஐந்து. கேட்பவர்கள் மேல் விழப்போகிறது என்ற இடத்தில், எட்டு. ஒன்றுமில்லை. அந்த ஒன்றுமில்லாததில் ஆயிரம் பேர் மூச்சை அடக்கிக்கொண்டு இருந்தது நோட்டக்காவுக்குக் கதவுக்குப் பின்னால் கேட்டது. பிறகுதான் புல்லாங்குழல்.

பதினொரு பேர் இல்லை. ஆயிரம் பேர்.

கைதட்டல் நிற்கவே இல்லை. எல்லாரும் எழுந்து நின்றார்கள். தங்கை குனிந்தாள், வாசித்தவர்களை எழுப்பினாள், புல்லாங்குழல்காரியைத் தனியாக எழுப்பினாள். என் ஏழு எண்ணிக்கைக்கும் இவளே குனிகிறாள் என்று நோட்டக்காவின் வயிறு பழைய இடத்தில் பழையபடி எரிந்தது. எல்லாம் மாறிவிட்டது என்று நினைத்தது தவறு. அடுப்பு அதேதான், விறகு மட்டும் புதிது.

மேடைக்குப் பின்னால் தலைவர் தங்கையின் கையைப் பிடித்துக்கொண்டிருந்தார். மேலாளர் பல் முழுவதும் தெரிய நின்றார்.

"அந்தத் தாள் திருப்புற இடம். நாப்பது வருஷமா கேக்கறேன், இப்படி ஒண்ணு கேட்டதில்லை. எப்படித் தோணிச்சு உங்களுக்கு?"

தங்கை கூட்டத்துக்கு மேலாகக் கண்ணால் தேடினாள். அவள் என்ன சொல்லப்போகிறாள் என்று நோட்டக்காவுக்குத் தெரிந்துவிட்டது. எல்லார் முன்னாலும் கையைப் பிடித்து இழுத்து வந்து, இவங்கதான் எங்க அக்கா என்பாள். எல்லாரும் அன்போடு திரும்பிப் பார்ப்பார்கள். பிச்சை போட்டது போல இருக்கும். நோட்டக்கா தள்ளுவண்டியைத் திருப்பிக்கொண்டு மேடைக்குப் போய்விட்டாள்.

மேடை காலியாகியிருந்தது. அவள் ஸ்டாண்ட் ஸ்டாண்டாகத் தாள்களை எடுத்தாள். கடைசியில் நடுமேடை. ஸ்கோர் திறந்தபடியே கிடந்தது, அந்தப் பக்கத்தில். நடத்துகிறவர்கள் தங்களுக்காக நீலப் பென்சிலில் குறி போட்டுவைப்பார்கள். எந்த இடத்தில் யாருக்குக் கண்காட்ட வேண்டும் என்று அவரவர் பெயரை எழுதி ஒரு அம்பு. பக்கம் முழுக்க அப்படி இருந்தது. முரசு. கொம்பு. குழல். இருநூற்றுப் பதினான்கின் முதல் எண்ணிக்கைக்கு மேல், நோட்டக்கா மையால் எழுதிய எண்களின் தலைமேல், ஒரு அம்பு. அக்கா.

அந்தத் தலையசைப்பு கடைசி ஸ்டாண்டுக்கானது இல்லை. அதற்குப் பின்னால் இருந்த கதவுக்கு.

பின்னால் மரத்தரையில் காலடிச் சத்தம். கணக்கு மாமா முரசுக்கு உறை போட வந்திருந்தார்.

"கேட்டியா நோட்டக்கா, முடிவாயிடுச்சாம். அடுத்த மாசத்துலேர்ந்து உன் தங்கச்சிதான் நம்ம எல்லாருக்கும் மேல."

"கேட்டேன் மாமா."

"உனக்குச் சந்தோஷம்தான?"

"நாளைக்கு ஒருநாள் லீவு வேணும். யார்கிட்ட எழுதிக் கொடுக்கறதுன்னு யோசிக்கறேன்."

அவர் சிரித்துக்கொண்டே போனார்.

கச்சேரி முடிந்தால் பென்சில் குறிகளை அழிப்பது நோட்டு அறையின் சட்டம். ஆனால் இது தங்கையின் சொந்த ஸ்கோர், அழிக்க வேண்டியதில்லை. நோட்டக்கா அதை அடித்தளத்துக்கு எடுத்துச் சென்றாள். குழாய்களுக்குக் கீழே விளக்கைப் போட்டு, ரப்பரை எடுத்தாள். முரசையும் கொம்பையும் குழலையும் தொடவில்லை. அந்த ஒரு சொல்லை மட்டும், தாள் நோகாமல், நீலம் துளியும் தெரியாதவரை அழித்தாள். அதையும் தங்கை எழுதிக் கொடுத்ததாக ஏன் இருக்க வேண்டும்?

தூசியை ஊதினாள். பேனாவில் மை இருக்கிறதா என்று நகத்தில் கீறிப் பார்த்தாள். பிறகு அதே இடத்தில், பதினேழு வருடம் மற்றவர்களின் இசையை எழுதிய அந்தச் சீரான கையெழுத்தில், மறுபடி எழுதினாள்: அக்கா.

மையால் எழுதியதை யாரும் அழிக்கக்கூடாது. அதுவும் நோட்டு அறையின் சட்டம்தான்.